வேம்பா, மரமா?

அமீர்பேட்டின் விடுதி அறைகளில் நான்கு பேருக்கு ஓர் அலமாரி. ஆளுக்கு ஒரு தட்டு. 2024 ஏப்ரலில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த தம்பிக்கு மாற்றுத்துணி எடுக்க அங்கே வந்த அக்கா, தட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கண்டார். அதனுள் இரண்டு மருத்துவச் சீட்டுகள் இருந்தன. மூன்றாவது அவருடைய கைப்பையில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

2021இல் வேலூரில் எழுதப்பட்டது: 'டிப்ரஸிவ் எபிசோட்'. 2023இல் ஹைதராபாத்தில் எழுதப்பட்டது: 'மூட் டிஸ்ஆர்டர், அன்ஸ்பெசிஃபைட்'. முந்தைய நாள் எழுதப்பட்டது: 'பைபோலார் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டர், கரண்ட் எபிசோட் மேனிக்'. ஆள் ஒருவன், நோயின் பெயர் மூன்று. ஒன்று, மூன்று மருத்துவர்களில் இருவர் தவறு செய்திருக்க வேண்டும். அல்லது தம்பிக்கு மூன்று நோய்கள் இருக்க வேண்டும். மூன்றாவது வழி எதுவும் அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் வேலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. காட்பாடியில் ரயிலேறி மறுநாள் செகந்திராபாத்தில் இறங்கி, மெட்ரோவின் நீலத் தடத்தில் அமீர்பேட்டுக்கு வந்திருந்தார். அதற்கு முன் அந்த ஊரைத் தம்பியின் குரல் வழியாக மட்டுமே அறிந்தவர்.

அமீர்பேட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் முற்பகுதி வியப்பளிக்காது. மைத்ரிவனத்தைச் சுற்றிய தெருக்களில் கட்டடங்களின் முகம் தெரியாதபடி பலகைகள் தொங்குகின்றன: ஜாவா, பைத்தான், டேட்டா சயின்ஸ், கிளவுட். விடியற்காலையிலேயே வகுப்புகள் தொடங்கிவிடும். இரவு வெகுநேரம் வரை ஏதாவது ஒரு மாடியில் விளக்கெரியும். சிவப்புத் தடமும் நீலத் தடமும் சந்திக்கும் நிலையத்திலிருந்து முதுகுப்பையோடு இறங்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் நோக்கம் ஒன்றே: சில மாதங்களில் ஒரு வேலை. அந்தத் தெருக்களில் குறைவாகத் தூங்குகிறவன் உழைப்பாளி. ஓயாமல் பேசுகிறவன் தன்னம்பிக்கை உள்ளவன். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவன் எதிர்காலம் அறிந்தவன்.

தம்பி மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று வகுப்புகளில் சேர்ந்தான். இரவு இரண்டு மணிக்கு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினான். சொந்தமாகப் பயிற்சி மையம் தொடங்குவதாகவும், அக்கா வேலையை விட்டுவிட்டு அதன் நிர்வாகத்தைப் பார்க்க வரவேண்டும் என்றும் சொன்னான். மாடி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தான். இரண்டு மடிக்கணினிகளைத் தவணையில் வாங்கினான். விடுதிக்காரர் மற்றப் பையன்களிடம் அவனைக் காட்டிப் பாராட்டினார். ஊரில் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி மகிழ்ந்தார்.

வேறொன்றைக் கவனித்தவன் அறைத்தோழன், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சித்தூர்ப் பையன். "தூக்கம் வராம கஷ்டப்படல அக்கா. தூக்கமே வேணாம்னு இருந்தான். அஞ்சு நாள். ஆனா களைப்பே இல்ல" என்றான். மருத்துவம் படிக்காத அந்தப் பையன் சொன்னது மருத்துவ நூல்கள் சொல்லும் வேறுபாடேதான். கவலையால் தூக்கம் கெட்டவன் காலையில் சோர்ந்து எழுவான். தூக்கத்தின் தேவையே குறைந்துபோனவன் இரண்டு மணி நேரத்தில் எழுந்து, எட்டு மணி நேரம் உறங்கியவனைப் போல் நடமாடுவான். ஆறாம் நாள் தம்பி வகுப்பில் ஆசிரியரை விலக்கிவிட்டுத் தானே பாடம் நடத்த முற்பட்டான், தடுத்தவர்கள்மீது சீறினான். அன்று மாலை நண்பர்கள் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்.

விடுதி வாசலில் இன்னொரு பையன் தயங்கித் தயங்கி, "எர்ரகட்டாவா?" என்று கேட்டான். அமீர்பேட்டிலிருந்து சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிலையம் எர்ரகட்டா. அரசு மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் எப்படியோ ஹைதராபாத்தில் எர்ரகட்டா அப்படி: ஏழை எளியவர்கள் சிகிச்சை பெறும் இடம், ஊராரின் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. தெலுங்கு தெரியாத அக்காவுக்கும் அந்தக் கேள்வியின் தொனி புரிந்தது.

அவரை அதிகம் அச்சுறுத்தியது மூன்றாவது சீட்டில் இருந்த முதல் சொல். 'பைபோலார்' அவருடைய தலைமுறைக்கு 2012இல் வெளியான '3' திரைப்படத்தின் வழியாக வந்த சொல். 'கொலவெறி' பாட்டுக்காகப் படத்துக்குப் போனவர்கள், தனுஷ் ஏற்ற பாத்திரத்தின் நோயாக அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாத்திரம் தற்கொலையில் முடிகிறது. அதற்கும் முன்பே, 2005இல், 'அந்நியன்', 'சந்திரமுகி' என்ற இரு படங்கள் ஓர் உடலுக்குள் இன்னோர் ஆள் குடியிருப்பதாக ஒரு படிமத்தைப் பதித்துவிட்டிருந்தன. ஆகவே 'இருமுனை' என்று கேட்டால் 'இரட்டை ஆள்' என்று பலர் பொருள்கொள்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. இருமுனைக் கோளாற்றில் ஆள் ஒருவரே. அவருடைய மனநிலையும் உடலின் விசையும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான விளைவை உண்டாக்கியது இரண்டாம் சீட்டு. 'மூட்' என்பது தமிழ்ப் பேச்சில் நன்றாக ஊறிப்போன சொல். 'மூடு சரியில்லை', 'மூட் அவுட்' என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஒரு காப்பியில் தீர்ந்துவிடக்கூடியது மூட் அவுட். 2023இல் தம்பி தொலைபேசியில், "மூட் டிஸ்ஆர்டர்னு எழுதியிருக்காங்க அக்கா" என்றபோது, "மூடுதானே, சரியாயிடும். பத்து நாள் ஊருக்கு வந்துட்டுப் போ" என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டு வாரத்தில் வீட்டார் ஒருவரோடு வரும்படி மருத்துவர் சீட்டின் அடியில் எழுதியிருந்தார். யாரும் போகவில்லை. மாத்திரை தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை.

முதல் சீட்டுக்கும் இதே கதிதான். அதை வீட்டில் 'மன அழுத்தம்' என்று சொல்லிக்கொண்டார்கள். நாளிதழ்த் தமிழில் அச்சொல் இரு பொருளில் வழங்குகிறது. அலுவலக நெருக்கடியும் மன அழுத்தம். வாரக்கணக்கில் எழ முடியாமல், உண்ண முடியாமல், வாழ்வே வேண்டாமெனக் கிடக்கும் நோயும் மன அழுத்தம். பின்னதற்கு 'மனச்சோர்வு' என்ற சொல் இருந்தும் முன்னதே செல்வாக்குப் பெற்றது. நெருக்கடி தீர்ந்தால் அழுத்தம் தீரும் என்று குடும்பம் எண்ணியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

மறுநாள் மருத்துவமனையில் அக்கா மூன்று சீட்டுகளையும் மருத்துவரின் மேசையில் வைத்தார். மருத்துவர் சென்னையில் மேற்படிப்பு முடித்த தெலுங்குப் பெண்மணி. தமிழ் தடையின்றி வந்தது.

"டாக்டர், இவனுக்கு இருக்கிறது பைபோலாரா, மூட் டிஸ்ஆர்டரா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. மூட் டிஸ்ஆர்டர்ங்கிறது பெரிய பேரு. அதுக்குள்ள ஒண்ணு பைபோலார்."

அக்கா ஒரு கணம் பேசாமல் இருந்தார். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாடம் அது. இருபெயரொட்டுப் பண்புத்தொகை: சிறப்புப் பெயர் முன்னும் பொதுப் பெயர் பின்னும் நின்று ஒரே பொருளைக் குறிப்பது. வேப்பமரம், மல்லிகைப்பூ, சாரைப்பாம்பு. வேப்பமரத்தின் கீழே நின்றுகொண்டு 'இது வேம்பா, மரமா?' என்று எந்த மாணவனும் கேட்கமாட்டான். தாம் கேட்டது அதே கேள்வி என்பது அவருக்கு விளங்கியது.

மருத்துவர் ஒரு தாளின் பின்புறத்தில் வரைந்து காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பில், எஃப் 30 முதல் எஃப் 39 வரையிலான எண்கள் முழுவதும் மனநிலைக் கோளாறுகளுக்கு உரியவை. 'அஃபெக்டிவ்', 'மூட்' என்ற இரண்டும் அங்கே ஒரே பொருளில் வரும் பழைய பெயரும் புதிய பெயரும். எஃப் 30 ஒற்றை மிகையெழுச்சிக் கட்டம். மேனியா என்று மருத்துவர்கள் சொல்வது இந்த மிகையெழுச்சியைத்தான். எஃப் 31 இருமுனைக் கோளாறு. எஃப் 32 ஒற்றை மனச்சோர்வுக் கட்டம். எஃப் 33 மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வு. எஃப் 34 ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மிதமான ஏற்ற இறக்கங்களும் நாட்பட்ட சோர்வும். எஃப் 39 மனநிலைக் கோளாறுதான், ஆனால் எவ்வகை என்று இன்னும் குறிக்க இயலாதது.

தம்பியின் மூன்று சீட்டுகளும் இந்த ஒரே வரிசைக்குள் அடங்கின: 32, 39, 31. முதல் மருத்துவர் தம் கண்முன் இருந்த கட்டத்தை எழுதினார். இரண்டாமவர், சோர்வும் எரிச்சலும் விரைந்த பேச்சும் கலந்து வந்த, துணையின்றித் தனியே வந்த ஓர் இளைஞனைக் கண்டு, மரம் என்பதுவரை எழுதி, வகையை அடுத்த சந்திப்புக்கு விட்டுவைத்தார். மூன்றாமவருக்கு வகை தெரியும்படி நோயே வெளிப்பட்டு நின்றது.

இந்த வரிசை வானத்திலிருந்து விழுந்ததன்று, மனிதர்கள் வகுத்தது. வகுத்தவர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை. 1899இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், ஏற்றமும் இறக்கமுமாக வந்து இடையே தெளியும் நோய்களை எல்லாம் ஒரே பெயரின்கீழ்த் தொகுத்தார். தமிழில் அதைப் 'பித்தெழுச்சி–சோர்வு நோய்' எனலாம். மீண்டும் மீண்டும் சோர்வு மட்டுமே கண்டவர்களும் அந்தத் தொகுப்புக்குள் இருந்தார்கள். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் அதைப் பிரித்தார்: சோர்வு என்ற ஒரு முனையில் மட்டும் நிற்பது ஒன்று, இரு முனைகளையும் தொடுவது இன்னொன்று. 1966இல் சுவிட்சர்லாந்தில் ஜூல்ஸ் ஆங்ஸ்ட், சுவீடனில் கார்லோ பெர்ரிஸ் ஆகிய இருவரும் தனித்தனியே செய்த ஆய்வுகள் அந்தப் பிரிவினைக்கு வலுச்சேர்த்தன. நோயாளிகளின் குடும்ப வரலாற்றிலும் நோய் செல்லும் போக்கிலும் இரண்டும் வேறுபட்டன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேடான டி.எஸ்.எம்.மின் மூன்றாம் பதிப்பில் 'பைபோலார்' என்ற பெயரை ஏற்றது.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னொரு படி சென்று, 'மூட் டிஸ்ஆர்டர்கள்' என்ற அதிகாரத்தையே எடுத்துவிட்டது. இருமுனைக் கோளாறுகளுக்கு ஓர் அதிகாரம், மனச்சோர்வுக் கோளாறுகளுக்கு ஓர் அதிகாரம் எனப் பிரித்து, முன்னதை மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் நடுவே வைத்தது. அறிகுறிகளிலும் குடும்ப வரலாற்றிலும் மரபணுச் சான்றுகளிலும் அது இரு பக்கமும் உறவுடையது என்பது காரணம். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.யின் பதினொன்றாம் பதிப்போ மனநிலைக் கோளாறுகள் என்ற பொதுக் குடும்பத்தைக் கலைக்கவில்லை. அதனுள்ளேயே இருமுனையை வைத்திருக்கிறது. அதே 2022இல் டி.எஸ்.எம்.மின் திருத்தப் பதிப்பும் 'வகை குறிக்கப்படாத மூட் டிஸ்ஆர்டர்' என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது. பொதுப்பெயர் இல்லாமல் மருத்துவர்களால் சமாளிக்க முடியவில்லை. எந்த நோயாளியும் முதல் நாளிலேயே தன் நோயின் முழு வடிவத்தையும் காட்டிவிடுவதில்லை.

நூலுக்கு நூல் எல்லைக்கோடும் இடம் மாறும். முன்பு சோர்வோ எழுச்சியோ இல்லாமல் வாழ்வில் முதன்முறை மிகையெழுச்சி கண்ட ஒருவருக்கு ஐ.சி.டி. பத்தாம் பதிப்பு இருமுனை என்ற பெயரைத் தராது. இரண்டாவது கட்டம் வரக் காத்திருக்கும். பதினொன்றாம் பதிப்பும் டி.எஸ்.எம்.மும் அந்த ஒற்றைக் கட்டத்தையே போதுமெனக் கொண்டு, முதல் வகை இருமுனைக் கோளாறு என்று பெயரிடும். இரண்டாம் வகைக்கு முழு மிகையெழுச்சி வேண்டியதில்லை. ஹைப்போமேனியா எனப்படும் மிதமான எழுச்சி ஒருமுறையும் முழுமையான மனச்சோர்வு ஒருமுறையும் வந்திருந்தால் போதும். டி.எஸ்.எம். கணக்கில் மிகையெழுச்சிக்குக் குறைந்தது ஒரு வாரம், மிதமான எழுச்சிக்கு நான்கு நாட்கள், மனச்சோர்வுக்கு இரண்டு வாரங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சமனின்மை உண்டு. பலருக்கு இருமுனைக் கோளாறு மனச்சோர்வாகவே தொடங்குகிறது. அந்த நேரத்தில் அதற்கும் ஒருமுனை மனச்சோர்வுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். இரத்தப் பரிசோதனையோ தலையின் படமோ அதைப் பிரித்துச் சொல்லாது. பிரிப்பது ஒன்றே: இதற்கு முன் எப்போதாவது எழுச்சி இருந்ததா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை. 'ஆம்' என்ற விடை பெயரை மாற்றிவிடும். 'இல்லை' என்ற விடைக்கு 'இதுவரை தெரியவில்லை' என்பதற்கு மேல் பொருளில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடையே நடந்த ஒரு கணக்கெடுப்பில் 69 விழுக்காட்டினர் முதலில் வேறு பெயரைப் பெற்றிருந்தார்கள். அவற்றுள் அதிகம் வழங்கப்பட்டது ஒருமுனை மனச்சோர்வு. மூன்றில் ஒரு பங்கினர் சரியான பெயருக்குப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள்.

மருத்துவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் நினைவு 2021க்குப் போனது. வேலூரில் அந்த முதல் மருத்துவர் கேட்கத்தான் செய்தார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது வழக்கத்தைவிட ரொம்ப உற்சாகமா, தூங்காம, நிறையச் செலவு பண்ணிக்கிட்டு இருந்தாராம்மா?" அருகில் இருந்து பதில் சொன்னவர் அக்கா. "இல்லைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, தம்பி கல்லூரி இறுதித்திட்டத்தைப் பத்தே நாளில் இரவு பகலாக முடித்தான், நண்பர்கள் மூவருடைய திட்டத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தான், சேமிப்பு முழுவதையும் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் துணி வாங்கி வந்தான், ஓயாமல் சிரித்தான். அந்தப் பத்து நாட்களை அக்கா அவனுடைய மிகச் சிறந்த நாட்களாக நினைவில் வைத்திருந்தார். நல்ல நாட்களை யார் நோய் வரலாற்றில் சேர்ப்பார்கள்?

குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்ற கேள்விக்கும் அன்று அதே விடைதான். சித்தப்பாவை அவர் எண்ணவில்லை. சில பருவங்களில் சித்தப்பா தூக்கமின்றி ஊர் ஊராகப் போய்க் கோயில் கட்டப் பணம் திரட்டுவார். பிறகு மாதக்கணக்கில் உள்ளறையை விட்டு வெளியே வரமாட்டார். வீட்டில் அதற்கு நோய் என்று பெயரில்லை. 'அவருக்குக் கொஞ்சம் குணம் மாறும்' என்பார்கள். இந்த நோயில் பரம்பரையின் பங்கு பெரிது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பரம்பரை மருத்துவரின் காதுக்கு எட்ட வேண்டுமானால் குடும்பம் அதை ஒரு பெயரோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெயர் மாறினால் என்ன, மாத்திரைதானே என்று நினைப்பவர்கள் உண்டு. மாத்திரையே மாறிவிடுகிறது. ஒருமுனை மனச்சோர்வுக்கு மனச்சோர்வு நீக்கி மருந்து முதன்மையானது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அதைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்முனைக்குத் தாவிவிடும் ஆபத்து உண்டு. அங்கே முதலிடம் மனநிலையை நிலைநிறுத்தும் மருந்துகளுக்கு. அவற்றுள் மூத்தது லித்தியம்: ஆய்வகத்தில் தொகுத்துச் செய்த சேர்மம் அன்று, மண்ணிலும் ஊற்றுநீரிலும் இயல்பாக உள்ள ஒரு தனிமத்தின் உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மிகையெழுச்சி நோயாளர் பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் வெளியிட்டார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அது பயன்பாட்டில் இருக்கிறது; தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அதற்குள்ள சான்று வலுவானது.

தம்பிக்கும் லித்தியமே தொடங்கப்பட்டது. அதன் அளவு இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை நிற்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ஏறும். ஏப்ரல், மே மாத ஹைதராபாத் வெயிலில் இது சிறிய செய்தியன்று. "தண்ணி நல்லாக் குடிக்கணும். உப்பைத் திடீர்னு குறைக்கக் கூடாது. வலி மாத்திரை எதுவானாலும் எங்களைக் கேக்காம வாங்கக் கூடாது" என்று மருத்துவர் மூன்று முறை சொன்னார். அக்கா மூன்று முறையும் எழுதிக்கொண்டார்.

புறப்படும் முன் அவர் தயங்கியபடி ஒன்று கேட்டார். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவன். நாளை பெண் பார்க்க வேண்டியவன். சீட்டில் 'மூட் டிஸ்ஆர்டர்' என்று மட்டும் எழுதித் தர முடியுமா?

மருத்துவர் கோபப்படவில்லை. இந்த நகரில் வாரத்துக்கு ஒருவராவது அவரிடம் அப்படிக் கேட்பவர். வேலை தருகிறவருக்கோ சம்பந்தி வீட்டுக்கோ இந்தச் சீட்டைக் காட்ட வேண்டிய கடமை இல்லை என்றும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவலை மறைவாகக் காக்கும் உரிமையைத் தந்திருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, "நாளைக்கு ஊர்ல வேற டாக்டர் இதைப் பார்ப்பாரு. மரம்னு மட்டும் எழுதிக் கொடுத்தா அவர் என்ன மருந்து கொடுப்பாரும்மா?" என்றார். இலக்கணப் பாடத்தைச் சற்று முன்பு அக்காவே அவரிடம் சொல்லியிருந்தார்.

பெயருக்கு அஞ்சுவது படிக்காதவர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தாமே இந்நோய் உடையவரும் இந்நோய் பற்றிய பெரும் பாடநூல் ஒன்றின் இணையாசிரியருமான உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், 1995இல் எழுதிய தன்வரலாற்றில் 'பைபோலார்' என்ற சொல்லையே ஏற்கவில்லை. தாம் பட்ட துன்பத்தை அது மழுப்புகிறது என்பது அவர் கருத்து. பழைய பெயரையே அவர் விரும்பினார். ஒருவருக்குச் சொல் மிகக் கடுமையாக இருக்கிறது, மற்றவருக்கு மிக மென்மையாக. இருவருமே மருந்தை விடக்கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதைக் காட்டியது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி விடுதிக்குத் திரும்பினான். பொருட்களைக் கட்டும்போது சித்தூர்ப் பையன் யாரிடமோ தொலைபேசியில், "அவன் பைபோலார்ரா" என்று சொல்வது அக்காவின் காதில் விழுந்தது. அவன் முடிக்கும்வரை காத்திருந்து, "அவனுக்குப் பைபோலார்னு சொல்லுப்பா" என்றார். பையன் விழித்தான். அக்கா விளக்கினார். எனக்குக் காய்ச்சல், எனக்குச் சர்க்கரை, எனக்குப் பசி: தமிழில் உடம்புக்கு வருவதெல்லாம் நான்காம் வேற்றுமையில்தான் வரும். 'பைத்தியம்' என்ற சொல் மட்டும் இரண்டு விதமாகவும் நிற்கும். 'அவனுக்குப் பைத்தியம் பிடித்தது' என்றால் வந்தது போகலாம். 'அவன் பைத்தியம்' என்றால் ஆளே அதுவாகிவிடுகிறான். புதிதாக வந்த சொல்லையாவது முதல் விதத்திலேயே வைத்துக்கொள்வோம். தெலுங்கிலும் காய்ச்சல் அப்படித்தான் வரும் என்று பையன் ஒப்புக்கொண்டான். கட்டிலில் இருந்த தம்பி பல நாட்களுக்குப் பிறகு சிரித்தான். அக்கா அந்தச் சிரிப்பை மகிழ்ச்சியோடு பார்த்தார். அதோடு, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்றும் கேட்டுக்கொண்டார். இனி அவனுடைய ஒவ்வொரு மகிழ்ச்சிக்குப் பின்னும் இந்தக் கேள்வி வரும். தம்பிக்கும் அது தெரிந்திருந்தது. "ஏழு மணி நேரம் அக்கா" என்றான்.

அந்த ஏழு, ஊர் திரும்பியதும் ஒரு நோட்டில் ஏறியது. நாள், தூங்கிய நேரம், செலவு, மாத்திரை என்று நான்கு பத்தி. தம்பியே எழுதுகிறான், ஞாயிற்றுக்கிழமை அக்கா பார்க்கிறார். மூன்று நாள் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால் மருத்துவரை அழைப்பது என்று இருவரும் பேசி முடிவுசெய்திருக்கிறார்கள். மருத்துவர் எட்டாத இரவுக்காக, அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

ஜூன் மாதம் மறுபரிசோதனைக்கு ஹைதராபாத் வந்தபோது, பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் வரலாற்றைப் புதிதாக எழுதத் தொடங்கினார். பழக்கப்பட்ட அந்தக் கேள்வி வந்தது: முன்பு எப்போதாவது வழக்கத்துக்கு மீறிய உற்சாகம் இருந்ததா?

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். "இருந்தது. 2021ல, பத்து நாள்" என்று தொடங்கினார். "அதுக்கு முன்னாடி எங்க சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும்."